பங்கஸ் மருந்து மாசக்கணக்குல எடுத்தவங்க, கூட இருந்து பாத்துக்கிட்டவங்க உங்க அனுபவத்தை இங்க எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு நுரையீரல்ல ஆஸ்பர்ஜில்லஸ், வேற ஒரு வியாதிக்கு ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுத்துட்டு இருந்தார், அதுல எதிர்ப்பு சக்தி இறங்கி பங்கஸ் உள்ள புகுந்துடுச்சுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரில டிரிப்ஸ்ல ஏத்திட்டு இப்ப வீட்டுக்கு அனுப்பி வோரிகொனசோல் மாத்திரை, காலைல ஒரு வேளை ராத்திரி ஒரு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்லன்னா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு. லிவர் டெஸ்ட் அப்பப்ப எடுக்கணும்னு சொன்னாங்க, அதெல்லாம் சரி. கண்ணு விஷயத்தைத்தான் ஒருத்தரும் சொல்லல. மாத்திரை போட்டு கொஞ்ச நேரத்துல செவுரு பளபளன்னு மின்னுது, கலர் மாறித் தெரியுது, வெளிச்சம் கூசுதுங்கறார், நான் ஸ்ட்ரோக்கோன்னு பதறிப்போயி போன் பண்ணா, இந்த மருந்துக்கு நெறைய பேருக்கு வர்றதுதாம்மா, அரை மணி நேரத்துல தானா அடங்கிடும், ராத்திரில மட்டும் வண்டி எடுக்க விடாதீங்கன்னாங்க. நெஜமாவே அடங்குச்சு.

ஆனா கொஞ்ச நாள் கழிச்சு வந்தது வேற மாதிரி. ரூம்ல யாரோ உக்காந்திருக்காங்கன்னு சொல்லி அவங்ககிட்ட பேச ஆரம்பிச்சுட்டார். வயசாச்சு, படுத்த படுக்கையா இருந்துட்டு வந்திருக்கார், கொழம்பிப் போயிருக்கார்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல, கூட்டிட்டுப் போனோம். மருந்து ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்கற டெஸ்ட் ஒன்னு இருக்கு, லெவல்னு சொல்றாங்க, அடுத்த மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். ஒரு மில்லிக்கு 1ல இருந்து 5.5 மைக்ரோகிராமுக்குள்ள இருக்கணுமாம், அப்பாவுக்கு அதைத் தாண்டிப் போயிருந்துச்சு. இந்த மருந்தை லிவர் ஒடைக்கிற வேகம் ஆளுக்கு ஆள் பிறவிலயே வேற, ஒரே டோஸ் கொடுத்தாலும் ஒருத்தருக்கு பத்தாது ஒருத்தருக்கு மிஞ்சிடும்னு டாக்டர் வெளக்கினார். டோஸ் கொறச்சதும் அந்த 'ஆளு' காணாம போயிட்டாரு. கண்ணு மின்னறதும் ஆளு தெரியறதும் ஒன்னு இல்ல, ரெண்டாவது வந்தா உடனே சொல்லணும், அதுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

*

அக்கா, எனக்கும் வோரிதான், ஆனா என் கதை வேற. நான் கிட்னி மாத்திக்கிட்டவன், புது கிட்னிய ஒடம்பு எதிர்க்காம இருக்க டேக்ரோலிமஸ் மாத்திரை வாழ்நாள் பூரா போடணும். வோரி ஆரம்பிச்ச அன்னைக்கே டேக்ரோலிமஸ மூணுல ஒரு பங்கா கொறச்சுட்டாங்க, ஏன்னா டேக்ரோலிமஸ ஒடைக்கிற என்சைம வோரி அடைச்சுடுது, அப்புறம் டேக்ரோலிமஸ் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல ஏறி புது கிட்னியையே கெடுக்கும். இது எல்லா டிரான்ஸ்பிளான்ட் சென்டர்லயும் தெரிஞ்ச விஷயம், ஆரம்பிக்கும்போது யாரும் கோட்டை விடறதில்ல.

பிரச்சனை நிறுத்தும்போது. ஸ்கேன்ல எல்லாம் கிளியர்னு நுரையீரல் பாக்கற டாக்டர் வோரிய நிறுத்திட்டார், சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டேன், கிட்னி பாக்கறவங்களுக்கு அந்த தகவல் போய் சேரவே இல்ல. அடைப்பு எடுத்தாச்சு, என்சைம் பழையபடி வேலை செய்யுது, நானோ அதே கொறஞ்ச டோஸ் டேக்ரோலிமஸ முழுங்கிட்டு இருக்கேன். வழக்கமான செக்கப்புல லெவல் தரைமட்டம், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் ஏறிப்போச்சு. ரிஜக்‌ஷன் ஆரம்பம். ஒடம்பு புது கிட்னிய எதிர்க்க ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். ஸ்டீராய்டு ஊசி போட்டு பிடிச்சு நிறுத்துனாங்க, கிட்னி தப்பிச்சுது. யாரையும் குத்தம் சொல்லி இங்க பேர் எழுதப் போறதில்ல. ஆனா பங்கஸ் மாத்திரை ஆரம்பிச்சாலும் நிறுத்தினாலும் டோஸ் மாத்தினாலும் அந்த வாரமே மத்த மருந்து எழுதற எல்லா டாக்டருக்கும் நீங்களே சொல்லிடுங்க, அவங்களுக்குள்ள பேசிப்பாங்கன்னு நம்பி இருக்காதீங்க.

*

வார்டுல வேலை பாக்கறேன், நர்ஸ். ஆம்ஃபோடெரிசின் பத்தி யாரும் எழுதலயே.

இது 1950கள்ல வந்த மருந்து, மண்ணுல இருக்கற ஒரு பாக்டீரியால இருந்து எடுத்தது, இன்னைக்கும் மியூக்கர்னு சொல்ற கறுப்பு பூஞ்சைக்கு முதல்ல கை வைக்கிறது இதுலதான். (மியூக்கருக்கு வோரி வேலையே செய்யாது, அதனால எந்த பங்கஸ்னு சதை எடுத்து பாக்கறதுக்கு டாக்டருங்க அவ்வளவு மெனக்கெடறாங்க, சும்மா டெஸ்ட் எழுதறாங்கன்னு கோவிச்சுக்காதீங்க.) ஏத்த ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல தூக்கிப் போடற மாதிரி நடுக்கம், குளிர், காய்ச்சல் வரும். கூட இருக்கறவங்க மருந்து ஒத்துக்கலன்னு டிரிப்ஸ மூடச் சொல்லி கத்துவாங்க. நடுக்கத்தை முன்கூட்டியே மாத்திரை, ஊசி போட்டு கொறைக்கலாம், போன தடவை எப்படி இருந்துச்சுன்னு எங்ககிட்ட சொன்னா போதும். ஆனா மூச்சு முட்டினா, நெஞ்சு அடைச்சா, ஒடம்பு தடிச்சா அது வேற, அப்ப உடனே கூப்பிடணும்.

கிட்னிதான் இதுல பெரிய கவலை. அதனாலதான் முன்னாடி சலைன் ஏத்தறோம், தினமும் கிரியேட்டினின் பாக்கறோம், பொட்டாசியமும் மெக்னீசியமும் யூரின்ல வெளிய போயிடும், ஆளு துவண்டு போவார், இதயத் துடிப்பு தடுமாறும். மருந்தை மட்டும் சலைன்ல கலக்க மாட்டோம், டெக்ஸ்ட்ரோஸ்லதான், சலைன்ல போட்டா திரிஞ்சிடும், ஏத்தற டியூப்பையும் டெக்ஸ்ட்ரோஸ் விட்டு கழுவித்தான் கோப்போம்.

எனக்கு பயம் தர்ற விஷயம் வேற. ஒரே பேர்ல ரெண்டு விதம் இருக்கு. சாதாரணது ஒன்னு, கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்ச லிப்போசோமல் ஒன்னு. லிப்போசோமல் கிலோவுக்கு 3, 5 மில்லிகிராம்னு எழுதுவாங்க, மியூக்கருக்கு அதுக்கு மேலயும் போகும். சாதாரணது கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. மாத்தி ஏத்துனா இதயம் நின்னு போற அளவுக்கு ஆபத்து. ரெண்டு பேர் பாட்டில் லேபிள சத்தமா படிச்சுட்டுத்தான் மாட்டுவோம். ஒரு தடவை ஒரு பேஷன்ட்டோட தம்பி "நேத்து பாட்டில் வேற மாதிரி இருந்துச்சே சிஸ்டர்"னு கேட்டார். கம்பெனி மட்டும்தான் மாறியிருந்துச்சு, மருந்து அதேதான். ஆனாலும் அந்த கேள்வி ரொம்ப நல்ல கேள்வி, தயங்காம கேளுங்க, எங்களுக்கு கோவம் வராது.

*

நான் ரொம்ப நாளா இட்ராகொனசோல், நுரையீரல்ல பழைய ஓட்டை ஒன்னு இருக்கு, அதுல பங்கஸ் குடியிருக்கு, குறைஞ்சது ஆறு மாசம், அதுக்கு மேலயும் போகும்னு முதல்லயே சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. காப்ஸ்யூல்தான் எனக்கு, அது சாப்பாட்டோட போடணும், வயித்துல அமிலம் இருந்தாத்தான் கரையும், நமக்கோ நெஞ்செரிச்சல், காலைல எழுந்ததும் கேஸ் மாத்திரை போடற பழக்கம், அதை எந்த டாக்டர்கிட்டயும் மருந்துன்னே சொன்னதில்ல ஏன்னா அதை நான் மருந்தாவே நெனைக்கல, லெவல் எடுத்துப் பாத்தா கிட்டத்தட்ட ஒன்னுமே இல்ல, மாசக்கணக்கா முழுங்கினது அப்படியே வீணாப் போயிருக்கு. அப்புறம் சிரப்புக்கு மாத்தினாங்க, சிரப்பு வெறும் வயித்துலதான் குடிக்கணுமாம், அதாவது காப்ஸ்யூலுக்கு நேர் எதிர், அமிலமும் அதுக்கு தேவையில்ல. அதுல லெவல் ஏறுச்சு.

இன்னொன்னு, நான் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கறவன், ஃப்ளூடிகசோன்ங்கற ஸ்டீராய்டு உள்ளது. இன்ஹேலர்ல எத்தனூண்டு மருந்து இருக்கப் போகுதுன்னு யாரும் கண்டுக்கல. மொகம் உப்பி வட்டமா ஆயிடுச்சு, தொட்டா தோல் கன்னிப்போகுது, வயிறு போட்டுடுச்சு, வீட்டுல எல்லாரும் ஒடம்பு தேறிட்டேன்னு சந்தோஷப்பட்டாங்க! பாத்தா இட்ராகொனசோல் அந்த ஸ்டீராய்ட ஒடைய விடாம தேக்கி வெச்சிருக்கு, ஒடம்பு சொந்தமா சுரக்கற ஸ்டீராய்டு நின்னு போச்சு. பியூடிசொனைட் இன்ஹேலருக்கும் இதே கதைதானாம். படிச்சுட்டு யாரும் இன்ஹேலர படக்குனு நிறுத்திடாதீங்க, அது இன்னும் ஆபத்து, எனக்கு டாக்டர் வேற இன்ஹேலருக்கு மாத்தி கொஞ்சம் கொஞ்சமாத்தான் சரி பண்ணாங்க.

*

எனக்கும் இட்ரா தான். காலு ரெண்டும் வீங்குது, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். அடுத்த செக்கப் வரைக்கும் பொறுக்கலாமா?

*

மேல கேட்டவருக்கு: பொறுக்க வேண்டாம் சார், இன்னைக்கே கூப்பிட்டு சொல்லுங்க. இட்ராகொனசோல் சிலருக்கு இதயம் பம்ப் பண்ற பலத்தைக் கொறைக்கும், ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவங்களுக்கு உயிர் போற நிலைமை இல்லன்னா இதைக் கொடுக்கவே மாட்டாங்க. படுத்தா மூச்சு வாங்குதா, எடை ஏறுதான்னு கேப்பாங்க. சிலருக்கு இதாலயே பிரஷர் ஏறி பொட்டாசியம் கொறஞ்சும் கால் வீங்கும். எதுன்னு டாக்டர் பாத்துத்தான் சொல்ல முடியும்.

நான் ஃபார்மசிஸ்ட், அதனால கொஞ்சம் நீட்டிக்கறேன். என்கிட்ட சீட்டு வந்தா நான் முதல்ல கேக்கறது "வேற என்ன சாப்பிடறீங்க", பாதிப் பேர் "ஒன்னும் இல்ல"ம்பாங்க, அப்புறம் கைப்பையில இருந்து ஒவ்வொன்னா வெளிய வரும். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின் போடறவங்க இட்ரா, வோரி, அதே குடும்பத்து போசகொனசோல் எதையும் சேத்துப் போடக் கூடாது, தசை கரைஞ்சு யூரின் கறுப்பா போகும், கிட்னி அடி வாங்கும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்களுக்கு சாதுவா தெரியற ஃப்ளூகொனசோல்ங்கற பங்கஸ் மாத்திரையே ஐஎன்ஆர, அதாவது ரத்தம் உறைய எடுக்கற நேரத்தைக் காட்டற அளவை, ஏத்தி விட்டுடும். சுகருக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடறவங்களுக்கு சுகர் திடீர்னு இறங்கும். எதிர்ப்பக்கமும் உண்டு, டிபிக்கு ரிஃபாம்பிசின் போட்டா வோரி ரத்தத்துல நிக்கவே நிக்காது, ரெண்டையும் சேத்து கொடுக்கறதில்ல. வலிப்புக்கு ஃபெனிடோயினும் அப்படித்தான் இழுத்துட்டுப் போயிடும், கட்டாயம்னா வோரி டோஸ ஏத்தித்தான் கொடுப்பாங்க. மனசு சரியில்லன்னு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை எடுக்கறவங்களும் சொல்லிடணும், மூலிகைதானேன்னு விடக் கூடாது.

போசகொனசோல்ல ஒரு கண்ணி இருக்கு: மாத்திரையும் சிரப்பும் ஒன்னுக்கு பதிலா ஒன்னு கொடுக்க முடியாது. மில்லிகிராம் கணக்கே வேற. ஸ்டாக் இல்லன்னு கடையில மாத்திக் கொடுத்தா வாங்காதீங்க, எழுதின டாக்டருக்கு போன் போடச் சொல்லுங்க. அந்த மாத்திரைய ஒடைக்கவும் கூடாது பொடிக்கவும் கூடாது. கர்ப்பமா இருக்கறவங்க, ஆகப் போறவங்க ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிடுங்க, வோரியும் சரி, நாள்கணக்கா பெரிய டோஸ்ல ஃப்ளூகொனசோலும் சரி குழந்தைக்கு ஊனம் வரவைக்கலாம்.

*

இதைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. என் பையனுக்கு ரத்தப் புற்றுநோய், கீமோல வின்கிரிஸ்டின்ங்கற மருந்து உண்டு. வேற ஆஸ்பத்திரில பங்கஸ் வராம இருக்கணும்னு முன்னெச்சரிக்கையா போசகொனசோல் கொடுத்திருந்தாங்க. குழந்தைக்கு மோசமான மலச்சிக்கல், வயிறு கல்லு மாதிரி, தாடை வலிக்குதுன்னு அழறான், நடக்கும்போது பாதம் தொங்குது. கீமோன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சு நாங்களும் தாங்கிட்டு இருந்தோம். கீமோ கொடுக்கற இடத்துல மருந்து லிஸ்ட பாத்த டாக்டர் மொகமே மாறிடுச்சு, இந்த குடும்பத்து பங்கஸ் மாத்திரை வின்கிரிஸ்டின ஒடம்புல தங்க வெச்சு நரம்பைத் தாக்க விடுமாம். அன்னையோட அதை நிறுத்தி, மைக்காஃபங்கின் ஊசிக்கு மாத்தினாங்க, அது வின்கிரிஸ்டின் வழில குறுக்க வராது, ஆனா மாத்திரையா கெடையாது, நரம்புலதான் ஏத்தணும். மெதுவா கால் சரியாச்சு. அதுக்கப்புறம் எங்க போனாலும் மருந்து பேரெல்லாம் எழுதின ஒரு நோட்டு என் பையில இருக்கும், யாரு கேட்டாலும் கேக்கலன்னாலும் நீட்டிடுவேன்.

*

இருமல் நின்னுடுச்சு, காய்ச்சல் இல்ல, மாத்திரைய நிறுத்திடலாமான்னு எங்க வீட்டுல தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்குது. நுரையீரல் ஆஸ்பர்ஜில்லஸ்னா குறைஞ்சது 6ல இருந்து 12 வாரம், எதிர்ப்பு சக்தி திரும்புதா, ஸ்கேன்ல கரையுதான்னு பாத்துத்தான் முடிவுன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்கம்மாவுக்கு அதெல்லாம் காதுல ஏறல. ஸ்கேன் படத்தை நேர்ல காட்டி இன்னும் இங்க இருக்கு பாருங்கன்னு சொன்னப்புறம்தான் வாய மூடுனாங்க.

*

முதல்ல எழுதின அக்காவுக்கு ஒன்னு சேத்துச் சொல்றேன், அப்பாவ வெயில்ல உக்கார வைக்காதீங்க. வோரில தோல் வெயிலுக்கு சீக்கிரம் கன்னும், எனக்கு நிழல்ல நடந்தே மொகம் செவந்து உரிஞ்சுது. வருஷக்கணக்கா எடுக்கறவங்களுக்கு தோல் புற்றுநோய் வரைக்கும் போகலாம்னு தோல் டாக்டர்கிட்டயும் அனுப்பினாங்க. முழுக்கை சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன், மறுபேச்சே இல்ல. ரொம்ப நாள் போனப்புறம் எலும்பெல்லாம் குடைய ஆரம்பிச்சுது, வயசுன்னு விட்டிருப்பேன், ரத்தத்துல அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறி இருந்துச்சு, இந்த மருந்துல ஃப்ளூரைடு இருக்கு, அது எலும்பு மேல்தோல்ல சேந்து வலி கொடுக்குமாம். இசவுகொனசோல்ங்கற வேற பங்கஸ் மருந்துக்கு மாத்தினதும் வலி படிப்படியா போயிடுச்சு, கண்ணு மின்னறதும் இல்ல, சாப்பாட்டுக் கணக்கும் இல்ல. ஆனா அது எல்லாருக்கும் ஆகாது, வோரி, இட்ரா மாதிரி மத்த அசோல் குடும்பத்து மருந்தெல்லாம் ஈசிஜில க்யூடிங்கற இதயத் துடிப்பு இடைவெளிய நீட்டும், இது சுருக்கும், பிறவிலயே க்யூடி சுருங்கி இருக்கற குடும்பத்துக்காரங்களுக்கு கொடுக்க மாட்டாங்க, எனக்கும் ஈசிஜி பாத்துட்டுத்தான் எழுதினாங்க. அப்பாவுக்கு எலும்பு வலி எதுவும் இருக்கா அக்கா?