கறிவேப்பிலைக் கண்டை வெயில் சுட்டுப்போட்டுது, ஆராவது சொல்லுங்கோ

வணக்கம், கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். ஆறு மாசமா ஹோல் ஜன்னலடியில வச்சுப் பிள்ளை மாதிரிப் பார்த்த கறிவேப்பிலைக் கண்டை, விக்டோரியா டே (மே மாசத்தில வாற லீவு நாள்) முடிஞ்சுது இனி ஃப்ரொஸ்ட் (உறைபனி) வராது எண்டு நம்பி நேர டெக்கில கொண்டுபோய் வச்சிட்டன், மூண்டு நாளும் நல்ல வெயில். இப்ப மேல் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாத் திட்டுப் பிடிச்சு, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. கீழ் இலை பச்சையாத்தான் கிடக்கு, தண்டை நகத்தால சுரண்டிப் பார்த்தன், உள்ளுக்கும் பச்சை.

ஜன்னல் வெளிச்சத்தில வளந்த இலை நேர் வெயிலைத் தாங்காதாம், முதல் ஒரு கிழமை பத்து நாள் நிழலில வச்சுப் பழக்கவேணுமாம், அம்மா இப்ப சொல்லுறா (வைக்கேக்க பக்கத்திலதான் நிண்டவா!).

திருப்பி உள்ளுக்கு எடுக்கவோ, இல்லாட்டி மேப்பிள் மர நிழலிலயே விடவோ? கருகின இலையைக் கிள்ளலாமோ, உரம் இப்ப போடலாமோ? இரவில இன்னும் 8, 9 டிகிரிக்கு இறங்குது, 10க்குக் கீழ போனா இதுக்கு ஆகாது எண்டு ஒவ்வொரு இரவும் கராஜுக்குள்ள தூக்கி வைக்கிறன், 14 இஞ்ச் சாடி, நாரி முறியுது. மல்லிகையும் ஒண்டு உள்ளுக்க நிக்குது, அதை எப்ப வெளியில விடலாம் எண்டும் சொல்லுங்கோ.