கடலையில் பூஞ்சை நஞ்சு: விதையை மாற்றுவதா, களத்தை மாற்றுவதா?

விதைப்பித்தன்:
நிலக்கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை ஏறினால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. அவை தின்ற தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு இருந்தது. இந்த நஞ்சு மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. அன்று முதல் உழவரிடம் "நன்றாகக் காய வையுங்கள்" என்றே சொல்லி வருகிறோம். போதும். எதிர்ப்பு இனி விதைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 2018இல் வெளியிட்ட ஆய்வு வழியைக் காட்டிவிட்டது. குதிரைமசால் இனச் செடிகளில் பூஞ்சையைத் தடுக்கும் இரண்டு சிறு புரதங்கள் உண்டு; அவற்றின் மரபணுக்களைக் கடலைக்குள் வைத்தார்கள். பூஞ்சை நஞ்சைத் தயாரிக்கப் பயன்படுத்தும் மரபணுக்களைச் செயலிழக்கச் செய்யும் ஆர்.என்.ஏ.வைப் பருப்பே உற்பத்தி செய்யும்படியும் மாற்றினார்கள்.

செம்மண்காடு:
ஐயா, நான் செஞ்சிப் பக்கம் மானாவாரியில் மணிலா, அதாவது நிலக்கடலை, போடுகிறவன். நஞ்சு எங்கே சேர்கிறது என்று என்னைக் கேளுங்கள். விழுது இறங்கிக் காய் பிடித்த பிறகு, கடைசி மாதம் மழை ஏமாற்றினால் மண் சுட்டுக் காய் வெடிக்கிறது. அங்கே தொடங்குகிறது. அதைவிடக் கொடுமை பின்னால் நடப்பது. கையால் உரிக்கும்போது பருப்பு உடையக் கூடாதென்று காய்ந்த காயின் மேல் தண்ணீர் தெளித்துக் குவித்து வைக்கிறார்கள். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து உண்டா? இதை எந்த மரபணு தடுக்கும்?

விதைப்பித்தன்:
வறட்சியைப் பற்றி நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கே வலு. ஈரம் உள்ள பருப்பு, காயம் பட்டால் ரெஸ்வெரட்ரால் வகைப் பொருள்களைச் சுரந்து பூஞ்சையை எதிர்க்கும். அறுவடைக்கு முந்திய வாரங்களில் பருப்பின் ஈரம் குறையும்போது அந்தச் சுரப்பு நின்றுவிடுகிறது. காவல்காரன் தூங்கும் நேரத்திலும் விழித்திருக்கும் மரபணுவைத்தான் நான் கேட்கிறேன். துரு நோயையும் பின்பருவ டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயையும் ஜி.பி.பி.டி. 4 என்ற கடலை ரகம் தாங்குகிறதே! அந்த எதிர்ப்பு ஒரு காட்டுக் கடலையிலிருந்து வந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

புரதமாணவி:
இந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. துருப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வாழும். இலை அதை அடையாளம் கண்டு தடுத்துவிட்டால் அதற்கு வேறு போக்கில்லை. ஃபிளேவஸ் அப்படியல்ல. மண்ணில், மட்கில், செத்த பருப்பில் என்று எங்கும் வாழும். செடியின் தயவு அதற்குத் தேவையில்லை. ஜே 11 என்ற பழைய ரகத்தை நினைத்துப் பாருங்கள். அதன் விதைத்தோல் முழுதாக இருக்கும்வரை பூஞ்சையைத் தடுக்கும். தோல் கிழிந்தால் பாதுகாப்பும் போய்விடும். தோல், பருப்பு, நஞ்சு உற்பத்தி ஆகிய மூன்றுக்குமான எதிர்ப்புகள் ஒரே ரகத்தில் சேர்ந்து வருவதும் அரிது.

இன்னொன்று. ஒவ்வாமை தரும் 'அரா எச் 2' புரதத்தைக் கடலையிலிருந்து நீக்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே புரதம், புரதங்களைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். மக்காச்சோளத்தில் நஞ்சு சேர்வதை எதிர்க்கும் வகைகளில் இத்தகைய தடுப்புப் புரதம் ஒன்று அதிகம் இருக்கிறது. ஒவ்வாமைக்காக ஒரு புரதத்தை எடுத்து, பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டால்? பருப்பின் புரதங்கள் எதிர்கால நாற்றுக்கான கட்டுச்சோறு மட்டுமல்ல.

கறவைக்காரி:
நீங்கள் எல்லாரும் பருப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். பூசணம் பிடித்த பருப்பு செக்குக்குப் போகிறது. எண்ணெயில் இறங்காத நஞ்சு புண்ணாக்கில் தங்குகிறது. அதை என் மாடு தின்றால் அந்த நஞ்சு அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் பாலில் வருகிறது, காய்ச்சினாலும் போகாது. அந்தப் பால் குழந்தைகளுக்குப் போகிறது. இந்தியாவில் மரபணு மாற்றிய பயிர் என்று உழவர் கைக்குச் சட்டப்படி வந்தது இன்றுவரை பருத்தி ஒன்றுதான். விதைப்பித்தன் ஐயா, உங்கள் கடலை வரும்வரை நான் எதைத் தீவனமாக வைப்பது?

விதைப்பித்தன்:
அம்மா, அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கு விதை இல்லை. உரிக்கும்போது தண்ணீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும் என்பதில் செம்மண்காடு சொல்வதே சரி. எந்த மரபணுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் கடைசி மாத வறட்சியை, காய வைக்கும் எந்தத் தார்ப்பாயும் தடுக்காது. அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செம்மண்காடு:
வறட்சிக்கும் எங்களிடம் சிறிது மருந்து உண்டு. 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் ஓடு திடமாகிறது, வெடிப்பு குறைகிறது. முழுத் தீர்வு என்று சொல்லவில்லை. உங்கள் விதைக்கு அரசு அனுமதி கிடைத்தால் என் காட்டில் அரை ஏக்கர் ஒதுக்கித் தருகிறேன். ஒரே நிபந்தனை: கடைசி நாற்பது நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. பக்கத்திலேயே ஜிப்சம் போட்ட என் பழைய ரகமும் நிற்கும். இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கி, ஒரே களத்தில் காயவைத்து, ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.