‘பிளான்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை கட்டம்? – கட்டடக் கலைஞர் சேவைக்கான சொற்கள் பற்றி

அன்பின் நண்பர்களுக்கு,

கட்டடக் கலைஞர் சேவையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ்ச் சொல் தேடுகிற இந்த இழையை முதலில் இருந்து வாசித்தேன். ‘டிசைன் டெவலப்மென்ட்’ என்பதற்கு வடிவமைப்பு மேம்பாடு, வடிவமைப்பு விருத்தி, வடிவ வளர்ச்சி என்று மூன்று சொல் வந்திருக்கிறது. அகராதியை வைத்துப் பார்த்தால் மூன்றும் சரிதான். ஆனால் நான் மட்டக்களப்பில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகப் படவரைஞராக இருக்கிறேன், வீடு கட்ட வருகிறவர்களுக்குச் சேவை ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்துவதும் என் வேலைதான், அந்த மேசையில் இந்த மூன்று சொல்லும் நிற்காது.

வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. “தம்பி, பிளான்தான் கீறியாச்சே, பிறகேன் இன்னும் காசு?” அவர்களில் பிழை இல்லை. முதல் நாள் பென்சிலால் கீறிக் காட்டுவதும் பிளான், மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அனுமதிக்குக் கொடுப்பதும் பிளான், மேசன் வேலைத் தளத்தில் விரித்து வைத்துக் கட்டுகிற முப்பது நாற்பது தாளும் பிளான். சபை முத்திரை குத்தியதும் கட்டடக் கலைஞரின் வேலை முடிந்தது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்கப் பழைய வழக்கத்தில் கட்டணத்தை ஐந்து கட்டமாகப் பிரிக்கும்போது மூன்றாவதற்கு மட்டும் 40 வீதம் ஒதுக்குவார்கள். அந்த 40 மேசன் விரித்து வைக்கிற வேலைப் படங்களுக்கு உரியது, அதாவது அனுமதிப் படம் போன பிறகுதான் பெரிய வேலையே தொடங்குகிறது. அதைச் சொல்ல எங்களிடம் சொல் இல்லாததால் ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் பேச வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். கலைஞர் என்ன செய்கிறார் என்பதை வைத்து அல்ல, அந்தக் கட்டம் முடியும்போது வீட்டுக்காரர் கையில் என்ன இருக்கிறது, எது முடிவாகிவிட்டது என்பதை வைத்துப் பெயர் இடுவோம். எங்கள் ஊர்ப் பழக்கமும் அதுதானே. நிலையம் எடுத்தல், கல் வைத்தல், நிலை வைத்தல், குடிபுகுதல் என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் எது முடிந்தது, அடுத்தது என்ன, ஓடாவிக்கும் (தச்சருக்கும்) மேசனுக்கும் எப்போது கொடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே இடையில் ஒன்று. ‘ஸ்டேஜ்’ என்பதற்கு ‘நிலை’ வேண்டாம் என்று கேட்கிறேன். ‘நிலை மூன்று’ என்று தாளில் போட்டால் ஓடாவி மூன்றாவது கதவுநிலையைத் தேடுவார். ‘படி’ என்றால் மாடிப்படி. ‘கட்டம்’ கட்டடத்தோடு நாவில் கொஞ்சம் சிக்கினாலும் அதுவே பரவாயில்லை. வேளாண்மைக்காரர் ஒருவர் ‘பருவம்’ என்றார், குடலைப் பருவம், கதிர்ப் பருவம் என்பதுபோல. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் பயிரின் பருவம் தானாக வரும். வடிவமைப்பில் ஒருவர் ஒப்பமிட்டால்தான் அடுத்தது வரும். கட்டமே இருக்கட்டும்.

சரி, முதலில் இருந்து வருகிறேன். ‘பிரீஃப்’ என்பதற்குச் ‘சுருக்கக் குறிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சுருக்கமாக இருக்க வேண்டிய பொருளே இல்லை. எத்தனை பேர், யார் வயதானவர், கிணறு எங்கே, நெல் மூட்டை எங்கே, எவ்வளவு காசு, எல்லாம் அதில் வர வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளில் விறகடுப்பு வைக்க இடமில்லாத குசினிகளைக் கண்டிருக்கிறேன், வந்து இருந்தவர்கள் பின்னால் ஒரு பத்தி இறக்கித்தான் சமைத்தார்கள். படம் நல்ல படம்தான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் கீறியது. என்ன பொருள், என்ன தரம் என்று எழுதுகிற ‘ஸ்பெசிஃபிகேஷன்’ என்பதற்கு ‘விவரக்கூற்று’ என்று ஒரு சொல் ஏற்கனவே எங்களிடம் புழக்கத்தில் இருப்பதால், அதற்கு இணையாக இதைத் ‘தேவைக்கூற்று’ என்று வைக்கலாம். தேவைக்கூற்றில் தொடங்கி விவரக்கூற்றில் முடிகிற ஒரு வேலை என்று சொன்னால் கேட்பவருக்கும் பிடிபடும். ‘ஃபீசிபிலிட்டி’ என்பதற்குச் சாத்தியவள ஆய்வு இருக்கிறபடியே இருக்கட்டும்.

அடுத்தது ‘ஸ்கீமெட்டிக் டிசைன்’. ‘திட்ட வடிவமைப்பு’ என்பதில் எனக்கு நெருக்கம் இல்லை. நாங்கள் அன்றாடம் ‘பருமட்டா ஒரு கணக்குச் சொல்லுங்க’ என்கிறோம், அந்தப் பருமட்டுதான் இது. அறைகள் ஏறக்குறைய எங்கே வரும், வாசல் எந்தப் பக்கம், செலவு பருமட்டாக எவ்வளவு. முதலில் ‘பருமட்டுக் கீறல்’ என்று எழுதினேன், கீறல் என்றால் தங்கள் பக்கம் சுவரில் விழுகிற வெடிப்புத்தான் ஞாபகம் வரும் என்று சென்னை நண்பர் சொன்னது நியாயம். அதனால் ‘பருமட்டு வரைபு’.

இப்போது ‘டிசைன் டெவலப்மென்ட்’ என்ற அந்தச் சிக்கலான சொல். இதில் ஆங்கிலக்காரருக்கும் தெளிவு இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனம் 1963இல் வெளியிட்ட வேலைத் திட்டம் பிறகு ஏ முதல் எம் வரை எழுத்திட்ட பன்னிரண்டு கட்டமாக நிலைத்தது, ஐ மட்டும் கிடையாது. 2013இல் 0 முதல் 7 வரை எட்டாக்கினார்கள். அதில் மூன்றாவதற்கு ‘டெவலப்ட் டிசைன்’ என்று பெயர் வைத்து, 2020இல் அதையும் விட்டுவிட்டு ‘ஸ்பேஷியல் கோஆர்டினேஷன்’ என்றார்கள். வளர்ச்சி என்றால் எதுவரை வளர்ச்சி என்று சொல்ல முடியாது என்பதுதான் எனக்குப் படுகிற காரணம். அவர்களே விட்ட சொல்லை நாம் ஏன் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்?

அந்தக் கட்டத்தில் உண்மையில் நடப்பது என்ன? தூண் எங்கே, பீம் எவ்வளவு ஆழம், குழாய் எந்தச் சுவரால் போகும், கூரைக்கு ஓடா சீற்றா, எல்லாம் பொறியியலாளரோடு இருந்து தீர்த்துவிடுகிறோம். இதற்குப் பிறகு அறையைப் பெருப்பிக்கச் சொன்னால் கட்டணம் கூடும். காணி விற்கும்போது அறுதியாக எழுதிக் கொடுத்தாயிற்று என்கிறோமே, அந்த அறுதி. என் முன்மொழிவு ‘அறுதி வரைபு’. ‘இறுதி வரைபு’ என்று திருத்த வேண்டாம். இறுதி என்றால் கடைசி, இதற்குப் பிறகு நாற்பது தாள் இருக்கிறது. அறுதி என்றால் இனிப் பேச்சு இல்லை. அதன் பிறகு வருவதற்கு ‘கட்டுமான ஆவணங்கள்’ தேவையில்லை, தளத்தில் எல்லோரும் சொல்கிற ‘வேலைப் படங்கள்’ போதும். அளவுப் பட்டியலும் விவரக்கூற்றும் அதோடு சேரும்.

‘டெண்டர்’ இங்கே கேள்வி கோரல், தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி. யாரும் யாருக்காகவும் மாற்ற வேண்டியதில்லை, சொற்தொகுதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர், கடலின் இரு கரையும் சேர்ந்திருந்து சொல் தேடுவது எங்களுக்குப் பழகின வேலை.

நான் இதில் பிடிவாதமாக நிற்பது ‘மேற்பார்வை’ என்ற சொல்லில். எங்கள் பக்கம் கல்லாறு, காரைதீவு, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று எங்கே போனாலும், தமிழர் முஸ்லிம் என்றில்லாமல், மகளுக்கு வீடு கொடுப்பதுதான் வழமை. என் அக்காவும் மகளுக்குக் கட்டினார், காசு வர வர ஐந்து வருடம் இழுத்த வீடு. அவர் போன கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் கொடுத்த ஒப்பந்தத்தில் ‘கட்டுமான மேற்பார்வை’ என்று எழுதியிருந்தது. கலைஞர் தினமும் வந்து நிற்பார் என்று அக்கா நம்பினார். கலைஞர் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வந்தார், ஒப்பந்தத்தின் உள்ளே சிறிய எழுத்தில் அப்படித்தான் இருந்தது. இடையில் ஒரு தூண் ஒன்பது அங்குலம் தள்ளி எழும்பிவிட்டது, கொங்கிரீற்றுப் போட்டு இறுகின பிறகுதான் தெரிந்தது. உடைத்துக் கட்டிய செலவு அக்காவுடையது. அந்த ஒரு சொல்லை வேறு மாதிரி எழுதியிருந்தால் அக்கா தளத்துக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்.

கலைஞர் செய்வது குறித்த காலத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது, படத்தில் ஐயம் வந்தால் தீர்ப்பது, கொந்தராத்துக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சான்று எழுதுவது. இந்தக் கட்டத்துக்கு ‘ஒப்பந்த நடத்துகை’, அதற்குள் ‘காலமுறைப் பார்வையிடல்’, ‘கொடுப்பனவுச் சான்று’. ‘மேற்பார்வை’ தளத்திலேயே நிற்கிறவருக்கு மட்டும்.

‘பிராக்டிக்கல் கம்ப்ளீஷன்’ என்பதற்கு ‘நடைமுறை நிறைவு’ என்று வைத்தால் ஒன்றும் விளங்காது. சில்லறை வேலை மிச்சம் இருந்தாலும் ஆட்கள் புகுந்து இருக்கலாம் என்பதுதான் பொருள். ‘குடிபுகு நிறைவு’ வீட்டுக்கு அழகாக இருக்கும், ஆசுபத்திரிக்கும் பாடசாலைக்கும் பொருந்தாது. ‘பாவனைத்தகு நிறைவு’ என்று வைக்கிறேன். கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த பணத்தில் பாதியைப் பொதுவாக இதில்தான் விடுவிப்பார்கள், மற்றப் பாதி ‘குறைதிருத்தக் காலம்’ முடிய.

கடைசிக் கட்டத்துக்கு என்னிடம் சொல் இல்லை. ஆட்கள் ஒரு மழைக்காலமாவது இருந்த பிறகு திரும்பப் போய், எங்கே ஒழுகுகிறது, எந்த அறை புழுங்குகிறது, எதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. ‘குடியேற்றத்துக்குப் பிந்திய மதிப்பீடு’ என்று ஒருவர் எழுதியது மிக நீளம், ‘பின்னூட்டம்’ எல்லாவற்றுக்கும் போய்விட்டது. ‘இருந்தறிதல்’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது, காதுக்குச் சரியாக இருக்கிறதா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொன்னால் நல்லது, திங்கட்கிழமை களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு குடும்பம் ஒப்பந்தம் எழுத வருகிறது, அவர்களிடம் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.