பவளம், பழம், பள்ளி, பறவை, பனை: குறிப்பேட்டில் சேர்த்த சோதனைச் சொற்கள்

வெப் வேலை செய்கிறவர்கள் அன்றாடம் கற்றுக்கொள்வதை எங்காவது எழுதி வைக்கிறோம். அந்தக் குறிப்பு பிறகு எங்கே கைகொடுத்தது என்று அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். கருவிகளின் பட்டியல் வேண்டாம்; நடந்ததைச் சொன்னால் போதும்.

*கோவையிலிருந்து*

கட்டளைகளைக் குறித்து வைப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி ஆகிய நிரல்மொழிகளின் கட்டளைகளைத் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். தேடினாலும் எளிதில் கிடைக்காதது தமிழ் எழுத்தில் வரும் கோளாறுக்கான விடைதான். அதனால் நான் சேர்ப்பது சொற்களை. ஒவ்வொரு சொல்லும் ஒரு கோளாறை வெளியே இழுத்துப்போடும் சொல். பக்கத்தில் காரணம் ஒரு வரியில் இருக்கும். புதிய படிவம், தேடல் பெட்டி, பட்டியல் என்று எது கைக்கு வந்தாலும் முதலில் இந்தச் சொற்களை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இந்தப் பழக்கம் ஒரு கலைச்சொல் பட்டியலில் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கான பக்கம் அது. சரிபார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திரையைப் பார்த்ததும், "தம்பி, பனை எப்படிப் பவளத்துக்கு முன்னால் வந்தது?" என்று கேட்டார். பட்டியலில் இருந்த வரிசை: பனை, பறவை, பள்ளி, பழம், பவளம். அவர் தாளில் எழுதிக் காட்டிய வரிசை: பவளம், பழம், பள்ளி, பறவை, பனை. அப்படியே தலைகீழ்! "ய ர ல வ ழ ள ற ன என்று ஒன்றாம் வகுப்பில் சொன்னதைக் கணினிக்கு யாரும் சொல்லவில்லையா?" என்றார். நியாயமான கேள்வி.

உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோட், தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியபோது 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு என்பது இஸ்கியின் திட்டம். அதனால் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் ல-வுக்கு அடுத்தும் உட்கார்ந்துவிட்டன. வ அவற்றுக்கும் பின்னால் போயிற்று. ஜாவாஸ்கிரிப்டில் வெறுமனே வரிசைப்படுத்தச் சொன்னால் அது அந்த எண்களைத்தான் ஒப்பிடும். அதிலேயே உள்ள, மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டில் கொலேட்டரைத் தமிழ் மொழிக்குறியோடு அழைத்தால் நம் அகரவரிசை வந்துவிடுகிறது. 'பக்கம், பகல்' என்ற இணையும் என் பட்டியலில் உண்டு. மெய் உயிர்மெய்க்கு முன் வர வேண்டும், ஆகவே பக்கம்தான் முதலில். எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் புள்ளி கடைசிக்குப் போய், பகல் முந்திக்கொள்ளும்.

அடுத்தது முருகன். ஒரு விண்ணப்பப் படிவம் 'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்' என்று சொல்லி முருகன் என்ற பெயரையே திருப்பி அனுப்பியது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருந்தார். எந்த மொழியின் எழுத்தும் செல்லும் என்றுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உள்ளீட்டைச் சோதிக்கும் விதி) இருந்தது. ஆனால் யூனிகோட் கணக்கில் மு-வில் உள்ள உகரக் குறியும் ன்-இல் உள்ள புள்ளியும் 'எழுத்து' வகையில் வராது, 'குறி' வகையில் வரும். உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத பெயர் தமிழில் அரிது என்பதால் ஏறத்தாழ ஊரே வெளியே நின்றது. குறி வகையையும் சேர்த்தவுடன் சரியானது. தன் பெயரைத் தன் மொழியில் எழுதுகிறவரிடம் 'இது எழுத்தல்ல' என்று ஒரு படிவம் சொல்வதை நான் சிறிய பிழையாக நினைப்பதில்லை.

கௌரி என்ற சொல்லுக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறேன். பலர் அதை 'கெளரி' என்று, கொம்புக்குப் பின் ள-வைத் தட்டி எழுதுகிறார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். யூனிகோடின் இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு முறைகளை ஒன்றாக்கும் வழி, இதற்கு உதவாது. கொம்பும் காலும் தனித்தனியாக வந்த 'கொ' போன்றவற்றை அது ஒன்றாக்கும். ள என்ற முழு எழுத்தை அது தொடாது. சரி, கொம்போடு ள வரும் இடத்தையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். அதைத் தடுக்கத்தான் 'கெளுத்தி' என்ற மீனைப் பட்டியலில் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கெளுத்தியின் உகரக் குறி ஒட்ட இடமில்லாமல் புள்ளிவட்டத்தோடு அந்தரத்தில் தொங்கும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்ற வேண்டும். அதையும் தேடலுக்கான நகலில்தான் செய்கிறேன். பயனர் எழுதிய மூலத்தில் கைவைப்பதில்லை. ஸ்ரீ என்பதும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும்.

*யாழ்ப்பாணத்திலிருந்து*

கோவை நண்பரின் பட்டியலுக்கு என் பங்கு 'பார்' என்ற சொல்.

ஒரு பாடசாலையின் பழைய ஆண்டு மலர்களை இணையத்தில் ஏற்றும் வேலை எங்களிடம் வந்தது. எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டியவை. எங்கள் பக்கத்தில் பாமினி இல்லாத அலுவலகமே ஒரு காலத்தில் இல்லை. அதில் கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பை முதலில் தட்டிவிட்டு எழுத்தைத் தட்டுவோம். யூனிகோடில் எழுத்து முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்பட வேண்டும். பொழுது, மௌனம் போன்றவற்றில் எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்பதால் அவற்றை முதலில் மாற்றிவிட்டுத்தான் ஒற்றைக் கொம்புக்கு வர வேண்டும். வரிசை மாறினால் 'பொழுது' உடைந்துவிடும்.

இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ர் என்ற எழுத்து. பாமினியில் அதைத் தட்டும்போது காலையும் புள்ளியையும் சேர்த்துப் போடுவார்கள்; பார்வைக்கு ர் போலவே இருக்கும். நேராக மாற்றினால் 'பார்' என்பது ப, கால், இன்னொரு கால், புள்ளி என்று வந்து நிற்கும்: பாா். முதற்பார்வைக்குச் சரியாகத் தெரியும். தேடினால் அகப்படாது. ஓர் ஆசிரியர் மலரில் தன் தகப்பனாரின் கட்டுரையைத் தேடி, 'ஆசிரியர்' என்று தட்டி, ஒன்றும் வரவில்லை என்று சொன்ன பிறகுதான் பார்த்தோம். இப்போது மாற்றியின் முதல் சோதனையே, காலை அடுத்து மீண்டும் கால் வருகிறதா, காலை அடுத்துப் புள்ளி வருகிறதா என்பதுதான். மலரின் இடையிடையே வந்த மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாக மாறிவிடும் என்பதால், ஒரு முகவரியையும் சோதனை வரிகளில் வைத்திருக்கிறேன்.

*சென்னையிலிருந்து*

என்னிடம் இருப்பது ஒரே சொல்: தமிழ். மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 5 (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு). பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கில் 15, ஏனென்றால் யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் இந்தச் சொல்லின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். பிஎச்பியிலேயே, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் கிராஃபீம் வகைச் செயற்கூறைக் கேட்டால்தான் 3 வரும்.

செய்தித் தலைப்பைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டிக் காட்டும் இடத்தில் இது படுத்திய பாடு கொஞ்சமல்ல. பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் அதைவிட மோசம், ஏனென்றால் பிழை கண்ணில் படாது: 'கல்' என்பது 'கல' ஆகி, அதுவும் ஒரு சொல்லைப் போலவே நிற்கும். இப்போது, முழு எழுத்தாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் செக்மென்டரால் வெட்டுகிறேன். குரோமில் 2020 முதலே இருந்தது. ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது, அதுவரை தனி நூலகம் தேவைப்பட்டது. இந்தச் செக்மென்டரும் க்ஷ-வை இரண்டாக எண்ணும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*கோவையிலிருந்து, மீண்டும்*

யாழ்ப்பாண நண்பரே, 'பாா்' பட்டியலில் ஏறிவிட்டது. எங்கள் தளத்தில் தேடிப் பார்த்தேன். பழைய கட்டுரைகளில் நிறைய இருக்கிறது. அவை பாமினியிலிருந்து வந்தவை என்று இதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. ஒன்று கேட்க வேண்டும்: காலும் கொக்கியும் சேர்ந்து 'ரி' ஆக வேண்டிய இடங்களையும் அதே சோதனையில் பிடிக்கிறீர்களா, அல்லது தனி விதியா?

சென்னை நண்பருக்கு ஒரு சேர்க்கை. நிலப் பத்திரம், பழைய கணக்கு ஆகியவற்றை ஏற்றும் வேலை வந்தால் முந்திரி என்ற பின்னத்தின் குறியையும், அதாவது 320இல் ஒரு பங்கு, ஒட்டிப் பாருங்கள். 2019இல் யூனிகோடில் சேர்ந்த அந்தக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய மூன்று பைட் யூடிஎஃப்-8இல் மற்றத் தமிழெல்லாம் குறையில்லாமல் ஏறுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முந்திரி போன்றவை மட்டும் ஏறா. அட்டவணையை நான்கு பைட் வகைக்கு மாற்றிவிட்டுத் தரவை ஏற்றுங்கள்.