திருவிதாங்கூர் அஞ்சல் தலை வாங்கியவர் பெயரில் மெயில்: இபே அனுப்பியதுதானா?

சங்குமுத்திரை_வடசேரி:
வணக்கம். அப்பா சேர்த்து வைத்த திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளை, சங்கு போட்டவை, இபேயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏலத்துக்கு விடுகிறேன். 1951-இல் இந்தியத் தபாலோடு சேரும் முன் நம் பக்கம் ஓடியவை. போன வாரம் ஒரு பழைய கவர் ஜெர்மனிக்கு அனுப்பினேன். இன்று காலை மெயில்: “பொருள் வரவில்லை. 24 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் கணக்கு முடக்கப்படும்.” கீழே நீலப் பட்டன். லோகோ அச்சு அசல். இன்னும் தொடவில்லை, ஆனால் பதற்றமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

தக்கலை_சக்கரம்:
தம்பி, பட்டனைத் தொடாதீங்க. இபே ஆப்பைத் திறந்து நேராக உள்ளே போய்ப் பாருங்க. வாங்கியவர் நிஜமாகவே கேட்டிருந்தால் உங்கள் கணக்கின் மெசேஜ் பெட்டியிலும் அது இருக்கும். அங்கே இல்லையா, போலிதான்.

நான் பழைய திருவிதாங்கூர் நாணயங்கள், சக்கரம், காசு விற்கிறவன். எனக்கும் இப்படி வரும். கம்ப்யூட்டரில் மவுஸைக் கிளிக் பண்ணாமல் பட்டன் மேல் வைத்தால் மூலையில் முகவரி தெரியும். ‘இபே டாட் காம்’ என்று ஆரம்பித்து, சாய்கோடு வருவதற்குள் இன்னொரு புள்ளி வைத்து வேறு பெயரில் முடிந்தால், அந்த வேறு பெயர்க்காரன்தான் வீட்டுக்காரன். இபே வாசலில் எழுதிப் போட்ட பெயர் மட்டும்தான்.

அவன்களுக்கு வேண்டியது உங்கள் பாஸ்வேர்டு. அதை வைத்து உங்கள் கணக்கில் நுழைந்து, கையில் இல்லாத பொருளை ஏலத்துக்குப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். வாங்க வருகிறவர் உங்கள் நல்ல ஃபீட்பேக்கைப் பார்த்து நம்பித்தான் காசு கட்டுவார். ஏமாந்தபின் திட்டு விழுவது உங்களுக்கு. வருஷக்கணக்கில் ஒவ்வொரு பார்சலாகச் சம்பாதித்த பெயர் அது. அதனால்தான் இதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

குழித்துறை_அக்கா:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. பாஸ்வேர்டை பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால், போலிப் பக்கத்தில் அது தானாக வந்து நிற்காது. வழக்கமாக வருவது வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்க. ஓடிபி இருக்கிறது என்று தைரியமாக இருக்கவும் வேண்டாம். போலிப் பக்கம் அதையும் கேட்டு வாங்கி, அந்த நிமிஷமே அசல் தளத்தில் போட்டுவிடும்.

ஓஎல்எக்ஸில் விற்பவர்களுக்கு வேறு மாதிரி. “பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி உங்கள் யுபிஐ பின் நம்பரைப் போடுங்க” என்பார்கள். யுபிஐயில் நமக்குப் பணம் வர பின் போடவே வேண்டாம். பின் கேட்டால் பணம் போகப் போகிறது.

சங்குமுத்திரை_வடசேரி:
பார்த்துவிட்டேன். மெசேஜ் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. மெயிலில் பொருளின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ட்ராக்கிங்கில் கவர் இன்னும் இந்தியாவைத் தாண்டவில்லை! ரொம்ப நன்றி. மெயிலை அழித்துவிடட்டுமா?

தக்கலை_சக்கரம்:
அழிக்கும் முன் ‘ஸ்பூஃப் அட் இபே டாட் காம்’ முகவரிக்கு ஃபார்வர்டு பண்ணுங்க, அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்க. அதே பாஸ்வேர்டு மெயிலுக்கும் இருந்தால் அதை முதலில். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடணும், வங்கிக்கும் சொல்லணும். அப்புறம், அந்தச் சங்கு கவரில் எந்த ஊர் முத்திரை இருந்தது?