ஏபிஏ கொடுத்த இலைகளின் உறைபனி சோதனை: குழாய்க்குக் குழாய் முடிவு மாறுகிறது, உதவி தேவை

வணக்கம். அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) இலைகளில் அப்சிசிக் அமிலம் (ஏபிஏ) என்ற தாவர ஹார்மோன், குளிர் பழக்கம் (முன்கூட்டியே மிதமான குளிரில் வைத்துப் பழக்குவது) இல்லாமலேயே உறைபனியைத் தாங்க வைக்கிறதா என்று அயனிக் கசிவை, அதாவது சேதமான செல்களிலிருந்து நீரில் கசியும் உப்பு அயனிகளை, அளந்து பார்க்கிறோம்.

செய்முறை: 50 மைக்ரோமோலார் ஏபிஏ தெளித்து 24 மணி நேரம். பிறகு ஒரு குழாய்க்கு ஓர் இலை, 100 மைக்ரோலிட்டர் அயனி நீக்கிய நீர். மைனஸ் 2 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உறைதலைத் தொடங்கிவைக்கச் சிறு பனித்துகள் போட்டு, மணிக்கு 1 டிகிரி வீதம் குறைக்கிறோம். 4 டிகிரியில் இரவு முழுக்க உருகவிட்டு மின்கடத்துதிறன் அளவீடு. ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவி) செய்து எல்லா அயனிகளையும் வெளியேற்றியபின் மறுபடி அளந்து, முதல் அளவீடு அதில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறோம்.

மைனஸ் 6 டிகிரியில் ஒரே தொகுதிக் குழாய்களில் சில 20%, சில 80% காட்டுகின்றன. பனித்துகள் சிலவற்றில் கரைந்துபோய், நீர் உறையாமல் அதிகுளிர்ந்து நின்றிருக்கலாம் என்பதே முதல் சந்தேகம். அப்படி நின்ற நீர் பிறகு திடீரென உறைந்தால் செல்லுக்குள்ளேயே பனி உருவாகி சவ்வு கிழியும்; மெதுவாக உறைந்தால் செல்லுக்கு வெளியே உருவாகும் பனி நீரை இழுத்துக்கொள்ளும், செல் உலர்ந்தாலும் பிழைக்க வாய்ப்புண்டு.

ஏபிஏ ஒளியில் செயலற்ற வடிவத்துக்கு மாறுவதால் குப்பியை இருட்டில்தான் வைக்கிறோம். ஏபிஏவை எத்தனாலில் கரைப்பதால், கட்டுப்பாட்டுச் செடிகளுக்கும் (ஏபிஏ கொடுக்காதவை) அதே அளவு எத்தனால் தெளிக்கிறோம்.

நீர் உறைந்ததை ஒவ்வொரு குழாயிலும் எப்படி உறுதிசெய்கிறீர்கள்? தெளிப்பதைவிட வேருக்கு ஊற்றுவது சீரான பலன் தருமா? 24 மணி போதுமா, மூன்று நான்கு நாள் வேண்டுமா?