பிட்லாக்கர் போட்ட லேப்டாப்: வேலையை விட்டவரை தூரத்திலிருந்து எப்படித் தடுப்பது?

கீபோர்டுகுமார்:
விண்டோஸ் 11 ப்ரோ, டொமைனில் சேர்த்த லேப்டாப். சி டிரைவில் பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி), டிபிஎம் (அதன் சாவியைக் காக்கும் பாதுகாப்பு சிப்) மட்டும், பின் நம்பர் கிடையாது. வேலையை விட்டவரின் கணக்கை ஆக்டிவ் டைரக்டரியில் (ஆபீஸ் டொமைன் கணக்குகளை நிர்வகிக்கும் இடம்) முடக்கியாச்சு. ஆனாலும் வீட்டில் பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே போகிறார். எங்கள் ரிமோட் ஏஜென்ட் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் மென்பொருள்) அதில் இன்னும் ஓடுகிறது. ஃபைல்கள் அழியாமல் பூட்ட முடியுமா? கேஷ்டு லாகான் (ஆபீஸ் நெட்வொர்க் இல்லாதபோதும் நுழைய விடும் வசதி) எண்ணிக்கை 10 என்று இருக்கிறதே, பத்து தடவைக்குப் பிறகு தானாக நின்றுவிடாதா?

சர்வர்ரூம்:
நிற்காது. அந்த 10 தடவைக் கணக்கு இல்லை, ஆள் கணக்கு. கடைசியாக நுழைந்த பத்துப் பேரின் பாஸ்வேர்டு சரிபார்ப்புத் தகவல் மெஷினிலேயே இருக்கும். டொமைன் கன்ட்ரோலர் (கணக்கைச் சரிபார்க்கும் ஆபீஸ் சர்வர்) எட்டாதவரை கணக்கு முடங்கியது லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது. பிட்லாக்கரும் இங்கே உதவாது. டிபிஎம் மட்டும் என்றால் பூட் ஆகும்போதே டிரைவ் தானாகத் திறந்துகொள்ளும். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அது தடை.

வட்டுச்சாவி:
டிபிஎம் சாவியைத் தூக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரெக்கவரி கீ (டிரைவைத் திறக்கும் 48 இலக்க மாற்றுச் சாவி, ரெக்கவரி பாஸ்வேர்டு என்பதும் இதுதான்) இல்லாமல் விண்டோஸே எழும்பாது, டேட்டாவும் அப்படியே இருக்கும். ஆனால் வரிசை தப்பினால் நீங்களும் வெளியே நிற்பீர்கள்.

முதலில் மேனேஜ்-பிடிஈ (பிட்லாக்கரை இயக்கும் கட்டளை) ஸ்டேட்டஸில் ப்ரொடெக்‌ஷன் ஆன் என்று வருகிறதா பாருங்கள். பயாஸ் அப்டேட்டுக்காக யாராவது சஸ்பெண்ட் செய்து விட்டிருந்தால் சாவி டிஸ்க்கிலேயே திறந்து கிடக்கும். முதலில் அதை எனேபிள் செய்யுங்கள். அடுத்து புதிய ரெக்கவரி பாஸ்வேர்டு ஒன்றைச் சேர்க்கவும். பழையதை அவர் குறித்து வைத்திருக்கலாம் அல்லவா? கணக்கு முடங்கியதால் அவருடைய விபிஎன் ஏறாது, அதனால் டொமைனுக்கு பேக்கப் போகும் என்று நம்பாதீர்கள். ஏஜென்ட் அவுட்புட்டில் வரும் 48 இலக்கத்தையும் கீ ஐடியையும் (அது எந்தக் கீ என்று காட்டும் அடையாளம்) உங்கள் பக்கம் சேமியுங்கள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி வரும். ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். எங்காவது மீதி வந்தால் காப்பி எடுத்ததில் தப்பு.

இலக்கம் கைக்கு வந்த பிறகுதான் பழைய ரெக்கவரி பாஸ்வேர்டை அதன் ஐடி கொடுத்து நீக்க வேண்டும். பிறகு ஃபோர்ஸ்ரெக்கவரி (டிபிஎம் சாவியைத் தூக்கும் மேனேஜ்-பிடிஈ கட்டளை), உடனே கட்டாய ரீஸ்டார்ட். ஃபோர்ஸ்ரெக்கவரி மட்டும் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் செஷன் அப்படியே ஓடும், ஸ்லீப்பில் போட்டு எழுப்பினாலும் தொடரும். சேமிக்காத ஃபைல் போய்விடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

தாழ்ப்பாள்:
அவர் லோக்கல் அட்மினா (அந்த லேப்டாப்பில் முழு உரிமை உள்ளவரா)? அப்படியானால் புதிய கீயையும் அவரே ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். அட்மின் குழுவிலிருந்து எடுத்தாலும் லாக்ஆஃப் ஆகும்வரை பழைய உரிமை இருக்கும். எனவே கீ சேர்ப்பது, பழையதை நீக்குவது, ஃபோர்ஸ்ரெக்கவரி, ரீஸ்டார்ட் எல்லாம் ஒரே ஸ்கிரிப்டாகப் போகட்டும். நடுவில் எது தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

கீபோர்டுகுமார்:
லேப்டாப் திரும்பி வந்ததும்?

வட்டுச்சாவி:
நீலத் திரையில் தெரியும் கீ ஐடியை ஒப்பிட்டு 48 இலக்கத்தையும் அடியுங்கள். விண்டோஸ் வந்ததும் டிபிஎம் ப்ரொடெக்டரை (முன்பு தூக்கிய டிபிஎம் சாவி) திரும்பச் சேர்க்கவும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் கீ கேட்கும். அவர் பென்டிரைவ் போட்டு விண்டோஸை புதிதாக ஏற்றினால் மட்டும் இதெல்லாம் தடுக்காது. அதற்கு முன்கூட்டியே பயாஸ் பாஸ்வேர்டு போட்டு யூஎஸ்பி பூட்டை அடைத்திருக்க வேண்டும்.